கிளிக்கு உடம்பு சரியில்லை

எங்கள் வீட்டுக் கிளிக்கு ஒரே வருஷத்தில் வராத சீக்கு கிடையாது. சளி, வயிற்றுப்போக்கு, கண்ணில் பீளை, காலில் சுளுக்கு, இன்ன காரணமென்று சொல்ல முடியாத ஏக்கம் என்று பதினைந்து நாளைக்கு ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. இத்தனையும் வந்தது தபால் கார்டில்தான். கூண்டுக்குள் இருந்த கிளியோ, நிலக்கடலையைத் தோலோடு கொடுத்தால் தோலைத் துப்பிவிட்டு, கொடுத்தவர் விரலையும் ஒரு கடி கடித்துப் பார்க்கும் ஆரோக்கியத்தோடு இருந்தது. அந்தக் கார்டுகளையெல்லாம் எழுதியவள் நான். அப்போது எனக்கு எட்டு வயது.

யுத்த காலம் அது. சிம்மக்கல்லில், வைகைப் பக்கம் இறங்கும் சந்து ஒன்றில் குடியிருந்தோம். அப்பா கோர்ட்டில் நகல் எழுதும் குமாஸ்தா. காலையிலிருந்து மாலை வரை சாட்சிகள் சொன்னதைப் பிரதி எடுத்து எடுத்து, வீட்டில் இருப்பவர்களும் அவருக்குச் சாட்சிகளாகவே தெரிவார்கள். அரிசி தீர்ந்துபோச்சு என்று அம்மா சொன்னால், "என்னைக்குத் தீந்துச்சு, கடைசியாப் பானையில கை விட்டது யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் பையை எடுப்பார். அவருடைய சட்டப் புத்தகத்தில் எனக்குத் தெரிந்த பிரிவு ஒன்றுதான். "வாயால பொய் சொன்னா அடியோட போச்சு. எழுதிக் குடுத்தா ஜெயிலு." இதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லுவார்.

வீட்டில் அப்பா, அம்மா, நான் போக அப்பாவின் தங்கை, என் அத்தை. அத்தைக்கு மூன்று வயதாக இருக்கும்போதே பெற்றவர்கள் போய்விட்டதால், அப்பாதான் அவளை வளர்த்தார். எழுத்துச் சொல்லிக் கொடுத்ததும் அவரே. அத்தையின் எழுத்தும் அப்பாவின் எழுத்தும் ஒரே அச்சு. அதைக் காட்டிப் பெருமைப்படாத நாள் அவருக்கு இல்லை.

கிளியைக் கொண்டுவந்தது என் மாமா, அம்மாவின் தம்பி. எழுமலையில் விவசாயம். சிம்மக்கல் மொத்தக் கடைகளுக்கு மிளகாய் வற்றல் மூட்டையோடு எப்போதாவது வருவார். அப்படி வந்த ஒரு நாளில், ஓலைக் கொட்டான் ஒன்றைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் வைத்தார். உள்ளே இறகு முளைக்காமல், தலையைவிட மூக்கு பெரிதாக, பார்க்கச் சகிக்காத ஒரு குஞ்சு கிடந்தது.

"பனை மரத்துப் பொந்துல கெடந்துச்சு. இந்தா, பத்திரமாப் பாத்துக்க" என்றார்.

என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. எனக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்ததை நான் பொருட்படுத்தவில்லை.

அன்றிலிருந்து அந்த வீட்டில் என்னைவிட வேலை அதிகமுள்ள ஆள் யாரும் கிடையாது. பொட்டுக்கடலை மாவைப் பாலில் குழைத்து விரல் நுனியில் எடுத்து ஊட்டினேன். இறகு முளைத்துக் கம்பிக் கூண்டுக்குக் குடிபோன பிறகு, காலையில் கூண்டைக் கழுவுவது, கொட்டாங்கச்சியில் தண்ணீர் மாற்றுவது, ஆற்றங்கரை வேலியில் கோவைப்பழம் பறிப்பது, கொய்யாவைக் கீறிக் கம்பியில் செருகுவது எல்லாம் நானே. பள்ளிக்கூடத்தில் என் பத்து விரல்களிலும் இருந்த கடி வடுக்களை, போருக்குப் போய்வந்தவர்கள் தழும்பைக் காட்டுவது போலக் காட்டுவேன்.

ஒரே ஒரு குறை. கிளி பேசவில்லை.

மதுரையில் கிளி வளர்ப்பவர்களுக்கு இது சாதாரணக் குறை அல்ல. அம்மன் கையிலேயே கிளி இருக்கிற ஊர். கோயிலில் கிளிக்கூண்டு மண்டபம் என்றே ஒன்று உண்டு. அங்கே இருக்கும் கிளிகள் 'மீனாட்சி, மீனாட்சி' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு வந்து, என் கிளியின் முன்னால் உட்கார்ந்து நாளைக்கு நூறு தரம் மீனாட்சி சொல்வேன். அது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு 'கீ' என்னும். நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்றார்கள். வசம்பை உரசி எடுத்துக்கொண்டு போனேன். கிளிக்குப் பேச்சு வரவில்லை. எனக்குத்தான் ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்தது. அப்பா அதற்கு ஊமைச் சாட்சி என்று பேர் வைத்தார்.

இனி கார்டு விஷயம். மத்தியானத்தில், அப்பா கோர்ட்டில் இருக்க அம்மா அடுப்படியில் கண்ணயரும் நேரத்தில், அத்தை என்னைக் கூப்பிடுவாள். கிளிக்கூண்டுக்கு நேர் கீழேதான் நல்ல வெளிச்சம். அங்கே ஒரு பலகை போட்டு, மைக்கூடும் கட்டைப் பேனாவும் கார்டும் எடுத்து வைப்பாள்.

"ஒனக்குக் கையெழுத்துப் பழகணும்ல? மாமாவுக்கு ஒரு கார்டு எழுதுவமா? நான் சொல்லச் சொல்ல எழுது."

அவ்வளவு அழகான எழுத்து வைத்திருக்கிறவள் ஏன் தானே எழுதக் கூடாது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கல்யாணமாகாத பெண் ஓர் ஆண்பிள்ளைக்குக் கார்டு போடுவதென்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? என் படிப்பில் அத்தைக்கு இவ்வளவு அக்கறையா என்று பூரித்துப்போனேன்.

நான் எழுதுவது நத்தை வேகம். நாக்கை வெளியே நீட்டி 'கி' எழுதி, சுழியைச் சரிபார்த்து, 'ளி' எழுதுவதற்குள் சொன்னது மறந்துவிடும். "அப்பறம் என்னத்த?" என்பேன். அத்தை சலிக்காமல் முதலிலிருந்து சொல்லுவாள். "கிளிக்கு ஒடம்பு சரியில்ல." மறுபடியும், "கிளிக்கு ஒடம்பு சரியில்ல." ஒரு வரிக்குப் பத்துத் தடவை ஆகும். சீக்கு கார்டுக்குக் கார்டு மாறினாலும், கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "ஒடனே வாங்க மாமா." அந்த வரிக்கு வரும்போது அத்தையின் குரல் இறங்கிவிடும். பாவம், சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

முதல் கார்டின்போது மட்டும் எனக்கு ஜெயில் பயம் வந்தது. "அத்தை, கிளி நல்லாத்தான இருக்கு?"

"ஒனக்கென்ன தெரியும்? மூக்கப் பாரு, எப்பிடிச் செவந்து கெடக்கு!"

பார்த்தேன். சிவந்துதான் கிடந்தது. அதற்கப்புறம் எனக்குச் சந்தேகம் எழவில்லை. சந்தேகம் வரும்போதெல்லாம் மூக்கைப் பார்ப்பேன், சிவப்பாகவே இருக்கும்.

கார்டு என்றால் மறைவு கிடையாது. எங்கள் தெருத் தபால்காரர் நான் கொடுக்கிற கார்டை என் முன்னாலேயே நிதானமாகப் படித்துவிட்டு, "அடடா, மறுபடியும் வயித்தாலயா?" என்று கேட்டு வாங்கிப் போவார். எழுமலைத் தபால்காரர் அதைவிடத் தாராளம். கார்டை வாசித்துக்கொண்டே தெருவில் வருவாராம். அந்த ஊரில் எங்கள் கிளியைப் பற்றிக் கவலைப்படாத ஆளே இல்லாமல் போயிற்று. கோழிக்குச் சீக்கு வந்தால் கொடுக்கிற பச்சிலையிலிருந்து மாட்டுக்குப் போடுகிற சூடு வரை ஆளுக்கொரு வைத்தியம் சொல்லி அனுப்பினார்கள். "கிளிய நல்லாக் கவனிச்சிட்டு வாப்பா" என்று சொல்லி எல்லோரும் சிரித்தார்கள் என்று மாமா சொன்னார். நோயாளியைப் பற்றிச் சிரிக்கிற ஊரும் உண்டா என்று எனக்கு எழுமலை மேலேயே வெறுப்பு வந்தது.

கார்டு போட்ட மூன்றாம் நாள் மாமா வந்துவிடுவார். பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓடிய காலம். வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாகி, முகத்தில் கரி அப்பி, கையில் சோளக்கதிர்க் கட்டோடு வாசலில் நிற்பார். முகம் கழுவிக்கொண்டு கூண்டின் முன் உட்காருவார். இறக்கை நுனியைக் கத்தரித்துவிடுவார். வைத்தியம் அவ்வளவுதான். பிறகு விசாரணை நடக்கும்.

"சாப்புடுதா?"

"என்னமோ சாப்புடுது" என்பாள் அத்தை, தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"தூங்குதா?"

"தூக்கம் எங்க?"

"இங்கயும் அப்பிடித்தான்" என்பார் மாமா.

அவர் ஊரிலும் ஒரு கிளி வைத்திருக்கிறார் போலும் என்று நினைத்தேன். கிளி சாயங்காலமே தலையைச் சிறகுக்குள் விட்டுக்கொண்டு தூங்குகிறது, கோவைப்பழம் இத்தனை தின்கிறது என்று உண்மை நிலவரத்தைச் சொல்ல நான் எத்தனையோ முறை வாய் திறந்தேன். வைத்தியருக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

"ஒரு கிளிக்கு எம்புட்டு வைத்தியம்யா!" என்று அப்பா ஒருநாள் சோற்றில் கை வைத்தபடி சொன்னார். "வேலவெட்டி இல்லாத பய."

"தம்பிக்கு வாயில்லா சீவன்னா உசுரு" என்றாள் அம்மா, அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு புதன்கிழமை அப்பா சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். நாகமலைப் பக்கம் ஒரு வரன். மாப்பிள்ளைக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். காட்டிலும் மேட்டிலும் அலைகிற வீடாக இல்லாமல், பேனா பிடிக்கிறவன் வீட்டில் தங்கையைக் கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மா இரண்டு தட்டுகளைக் கீழே போட்டாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அத்தை சொன்ன கார்டு இதுதான்: "கிளிக்கு ஒடம்பு சரியில்ல. பொழைக்காது போல இருக்கு. ஒடனே வாங்க மாமா." சொல்லும்போது அத்தை அழுதாள். அதைப் பார்த்து நானும் ஓவென்று அழுதேன். பிழைக்காத கிளி எங்கள் தலைக்கு மேல் பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு, விதைகளை என் உச்சியில் உதிர்த்துக்கொண்டிருந்தது. அத்தை சொல்வதும் நான் அழுவதுமாக அந்த மூன்று வரி முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. ஆனால் வியாழக்கிழமை போட்ட கார்டு வெள்ளிக்கிழமைக்குள் எழுமலை போய்ச் சேராது. அது அத்தைக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மாவும் கூட நாலு பெண்களும் வந்தார்கள். அந்த அம்மா நெற்றி நிறையக் குங்குமமும் கை நிறைய வளையலுமாக, தாழ்வாரத்தில் விரித்த ஜமுக்காளத்தில் நடுநாயகமாக உட்கார்ந்தாள். அத்தை நமஸ்காரம் செய்தாள். பணியாரம் வந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"பொண்ணு நல்லா எழுதும்னு கேள்விப்பட்டோம்" என்றாள் அந்த அம்மா.

இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவர் அப்பா. "பாப்பா, மையும் பேனாவும் கொண்டா. ஒரு கார்டும் எடுத்துட்டு வா" என்றார். நான் கொண்டுவந்து, வழக்கமாக வைக்கிற இடத்திலேயே, கூண்டுக்கு நேர் கீழே பலகையைப் போட்டு வைத்தேன். அத்தையும் பழக்க தோஷத்தில் அங்கேயே போய் உட்கார்ந்தாள். பேனாவை மையில் தோய்த்துக் கார்டில் வைத்தாள். நிப்பு 'கர்' என்று கீறியது.

கிளி தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் கார்டைப் பார்த்தது.

"கிளிக்கு ஒடம்பு சரியில்ல. ஒடனே வாங்க மாமா."

அட்சரம் பிசகாமல் அத்தையின் குரல். வந்திருந்த பெண்கள் எல்லாரும் அத்தையைப் பார்த்தார்கள். அத்தையின் வாய் மூடியிருந்தது. பேனா கீழே விழுந்தது. கிளி இன்னொரு தரம் சொன்னது. இந்த முறை 'ஒடனே வாங்க மாமா' மட்டும், அந்தக் குரல் தாழ்கிற இடம் உட்பட.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பேசிருச்சு! பேசிருச்சு! எங் கிளி பேசிருச்சு!" என்று முற்றத்தைச் சுற்றி ஓடினேன். ஒரு வருஷம் விரலைக் கடிபடக் கொடுத்த வேதனைக்குப் பலன் கிடைத்துவிட்டது.

"யாரும்மா மாமா?" என்று அந்த அம்மா என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டாள்.

சொன்னேன். மாமா யார், எந்த ஊர், கிளி ஒரு வருஷமாக வாய் திறக்காதது, அதற்கு இதுவரை என்னென்ன சீக்கு, எத்தனை கார்டு, யார் சொல்லச் சொல்ல யார் எழுதியது, மாமா வந்தால் எங்கே உட்காருவார், அத்தை எந்தத் தூணுக்குப் பின்னால் நிற்பாள் என்று வரிசையாகச் சொன்னேன். கோர்ட்டில் அப்பா பிரதி எடுத்த சாட்சிகளில் என்னைப் போல ஒளிவுமறைவில்லாமல் பேசியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். நான் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் அது மறதியால்தான்.

அந்த அம்மா கோபித்துக்கொண்டு கத்தப்போகிறாள் என்று அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். அவளோ எழுந்து, கூண்டுக்கு முன்னால் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மன் கையில இருக்கற பட்சி. ஒரு வருசமா வாயத் தொறக்காதது, நான் வந்து உக்காந்த நேரத்துல வாயத் தொறந்து வேற ஒருத்தரக் கூப்புடுதுன்னா, அது எனக்கு உத்தரவு. அதுக்குக் குறுக்க நான் நிக்க மாட்டேன் சாமி" என்றாள். தட்டில் கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒன்றை உரித்துக் கிளிக்கு ஊட்டினாள். மீதிப் பணியாரத்தையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, மிகுந்த பக்தியோடு புறப்பட்டுப் போனாள்.

கார்டையும் பேனாவையும் பார்த்துப் பழக்கத்தில் பேசிய பேச்சு என்று அன்றைக்கு மதுரையில் யார் சொன்னாலும் எடுபட்டிருக்காது. மறுநாள் காலையிலிருந்து தெருப் பெண்கள் கொய்யாவும் மாதுளையுமாக வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி சூடம் காட்டினாள். எங்கள் தபால்காரர், "எனக்கு அப்பவே தெரியும்" என்று வீடு வீடாகச் சொன்னார். கிளிக்கு நிஜமாகவே அஜீரணம் வந்தது. வியாழக்கிழமைக் கார்டைப் பார்த்து ஓடிவந்த மாமா, வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வராமலே திரும்பிவிட்டார். அடுத்து வருவதாக இருந்த இரண்டு வரன்கள், அம்மன் குறித்துவிட்ட பெண்ணை நாங்கள் எப்படிப் பார்ப்பது என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

அப்பா கூண்டுக் கதவைத் திறந்து, "போ! எங்கயாச்சும் போய்த் தொலை!" என்றார். கிளி நிதானமாக வெளியே வந்து, அவர் விரலை ஒரு கடி கடித்துவிட்டு உள்ளே போய்விட்டது. அத்தையிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்லாரையும் குறுக்கு விசாரணை செய்கிறவர், முக்கியச் சாட்சியை விட்டுவிட்டார். அம்மாவிடம் மட்டும், "நான் கையப் புடிச்சு எழுதப் பழக்குன புள்ள. எனக்குத் தெரியாம வருசம் பூராக் கார்டு எழுதியிருக்கா" என்றார். எழுதியது நான்தான் என்று திருத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"எந் தம்பி என்ன, ரோட்டுல போறவனா?" என்று அம்மா கேட்டது அதற்கும் பல நாள் கழித்துத்தான். ஆவணியில் கல்யாணம் நடந்தது. அப்பா எல்லா முறையும் குறைவில்லாமல் செய்தார், சிரிப்பு மட்டும் இல்லை. அத்தையும் மாமாவும் ஊருக்குப் புறப்படும்போது, கிளியையும் கொண்டு போவார்களோ என்று நான் கூண்டைக் கட்டிக்கொண்டு நின்றேன். அத்தை என் தலையைத் தடவி, "ஒங் கிளி ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்றாள். அப்போதுதான் அப்பா அந்த வார்த்தையைச் சொன்னார்.

"இனிமே கிளியச் சாக்கு வச்சிக்கிட்டு யாரும் இந்த வாசப்படிய மிதிக்க வேண்டாம்."

மாமாவுக்கும் ரோஷம் உண்டு. போயிட்டு வாரோம் என்றுதான் எங்கள் பக்கம் விடைபெறுவது வழக்கம். மாமா நேராக அப்பாவைப் பார்த்து, "போறோம் மச்சான்" என்றார். வருவதைச் சொல்லவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் கிளிக்கு மறுபடியும் நிஜமாகவே ஒரு கோளாறு வந்தது. இறகு கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மந்தமாக உட்கார்ந்திருந்தது. நானே, யாரும் சொல்லாமல், என் வாழ்க்கையின் முதல் உண்மையான கார்டை எழுதினேன். ஒரு தும்மலுக்கு ஓடிவந்த மாமாவிடமிருந்து ஒரு வரி பதில் வந்தது: 'இது இறகு உதிர்க்கிற காலம், தானே சரியாகிவிடும்.' எனக்கு ஆறவில்லை. கல்யாணமானால் மனுஷருக்கு இரக்கம் போய்விடும் போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். இறகு தானே முளைத்துவிட்டது. அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

அப்பாவுக்கும் அந்த நாட்களில் கோர்ட்டில் வேலை அதிகமாகிவிட்டது. முன்னெல்லாம் வீட்டுக்கு வந்தால் பேனாவைத் தொட மாட்டார். இப்போது சாயங்காலம் வந்ததும் கால் கழுவிவிட்டு, கூண்டுக்குக் கீழே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். நிப்பு கர் கர்ரென்று கீறும். கிளி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, அத்தையின் குரலில் "ஒடனே வாங்க மாமா" என்னும். அப்பா கொஞ்ச நேரம் எழுதாமல் இருப்பார். மறுபடியும் கீறுவார். வரும்போதெல்லாம் ஒரு கொய்யாப்பழமும் வாங்கி வந்தார். ஊமைச் சாட்சியை அப்பாவுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி.

ஒருநாள் அருகே போய்ப் பார்த்தேன். காகிதத்தில் ஒன்றுமே இல்லை. வெறும் கீறல்கள். நிப்பு காய்ந்திருந்தது. பாவம், வேலைக் களைப்பில் மை தொட மறந்துவிட்டார் என்று ஓடிப்போய் மைக்கூட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார், மைக்கூட்டைப் பார்த்தார்.

"ஒரு கார்டு எடுத்துட்டு வா" என்றார். கொண்டுவந்தேன்.

"ஒக்காரு. எழுது. அத்தைக்கு."

நான் நாக்கை நீட்டிக்கொண்டு பேனாவைத் தோய்த்தேன்.

"கிளிக்கு ஒடம்பு சரியில்ல."

நான் நிமிர்ந்து கிளியைப் பார்த்தேன். புது இறகு பளபளக்க, அப்பாவின் கொய்யாவில் பாதியைத் தின்று முடித்திருந்தது. "நல்லாத்தானப்பா இருக்கு?"

"சொன்னத எழுது."

"எழுதிக் குடுத்தா ஜெயிலுன்னு..."

"எழுதுடி கழுத!" என்றவர், குரலை இறக்கிக்கொண்டு, "ஒடனே வரவும்னு போடு. ரெண்டு பேரும்னு போடு" என்றார்.

எழுதினேன். தபால்காரர் படித்துவிட்டு, வழக்கமாகச் சிரிக்கிறவர், அன்றைக்குச் சிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் பயம் தாங்கவில்லை. அப்பா எழுத்தில் பொய் சொல்லிவிட்டார். கையெழுத்து வேறு என்னுடையது. அத்தையும் மாமாவும் வந்து பார்த்து, கிளி கல்லுக்குண்டு மாதிரி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டால், அப்பாவை ஜெயிலில் போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் காலையில் மஞ்சளை அரைத்து, அம்மாவின் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து நனைத்து, கிளியின் கழுத்திலும் ஒரு காலிலும் கட்டினேன். நான்கு இடத்தில் கடித்தது. கட்டு போட்ட பிறகு பார்த்தால், ஒரு வாரம் தாங்காது என்றே யாரும் சொல்லுவார்கள். நிம்மதியாக இருந்தது.

பத்து மணி வாக்கில் இருவரும் வந்தார்கள். முகமெல்லாம் கரி. அத்தை வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். மாமா படிக்கு வெளியிலேயே நின்றார்.

"கிளியச் சாக்கு வச்சு வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு மச்சான் சொல்லியிருக்காரு" என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

அப்பா கோர்ட்டுக்குப் போகவில்லை அன்றைக்கு. தாழ்வாரத்தில் நின்றபடி, அவரும் மாமாவைப் பார்க்காமல் சொன்னார்: "நல்லாருக்கற கிளியச் சாக்கு வச்சு வரப்புடாதுன்னுதான் சொன்னேன். இது சீக்குக் கிளி. சீக்குக் கிளியப் பாக்க வாரதுக்குத் தடை ஒண்ணும் கெடையாது. உள்ள வாங்க மாப்ள."

சொல்லிக்கொண்டே கூண்டுப் பக்கம் கையைக் காட்டித் திரும்பியவர், மஞ்சள் கட்டோடு உட்கார்ந்திருந்த கிளியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பொய்ச் சாட்சி தயார் செய்ததற்கு முதுகு பழுக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அத்தை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அண்ணே" என்று சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கரி பஸ்ஸு. கண்ணுல கரி விழுந்துருச்சு" என்றார். பஸ்ஸில் வந்தது அவர் அல்லவே என்று நான் யோசித்தேன். அம்மா அடுப்படிக்குள் போய்ப் பணியாரச் சட்டியைத் தேடினாள்.

அவ்வளவு தூரம் வந்தவர்களில் ஒருவராவது கிளிக்கு என்ன என்று கேட்கவில்லை. நான்கு கடி வாங்கிக் கட்டிய கட்டை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரியவர்களுக்குப் பிராணிகள் மேல் பாசம் என்பதே கிடையாது என்று அன்றைக்கு முடிவு செய்துகொண்டு, அழுகையை அடக்கிக்கொண்டு கட்டை அவிழ்க்கப் போனேன். கிளி மட்டும், பலகையில் அப்பா விட்டுப்போன காய்ந்த பேனாவை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு, "ஒடனே வாங்க மாமா, ஒடனே வாங்க மாமா" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"அதான் வந்துட்டாங்கல்ல, பெறகென்ன?" என்று அதை அதட்டினேன்.